வலது ஓரத்தில் நாலு விரல்

குவோ வாத்தியாருக்கு இலை வரைய வரும், பூ வராது. இது ஊருக்கே தெரியும். ஊர் என்றால் லுவோயாங் நகரத்துக்கு வடக்கே, வீட்டுக்கு ஒருவராவது பியோனிப் பூ வரைந்து வயிறு வளர்க்கிற ஊர். ஆனால் ஃபோனைத் திறந்து அவருடைய நேரலையைப் பார்க்கிற இரண்டு லட்சம் பேருக்கு அது தெரியாது. அவர்கள் கண்டதெல்லாம் நெஞ்சு வரை தொங்கும் தாடி, கறுப்புப் பட்டுச் சட்டை, கையில் ஒரு தூரிகை. அப்புறம் அந்தக் குரல்: "வீட்டு மக்களே! வாங்க வாங்க, காலையில பூத்த பூ, ஈரம் கூடக் காயல!"

ஈரம் காயவில்லை என்பது மட்டும் உண்மை. அந்த ஈரம் ஐச்சினின் கையிலிருந்து வந்தது.

ஐச்சின் அவருடைய தம்பி பெண்டாட்டி. பன்னிரண்டு வருஷமாக மச்சாண்டாரின் ஓவியக்கூடத்துப் பின்னறையில் உட்கார்ந்து பூ வரைகிறாள். தூரிகையை முதலில் வெள்ளையில் முக்கி, நுனியை மட்டும் சிவப்பில் தொட்டு, தாளில் ஒரே அழுத்து. இதழ் ஒன்று மலர்ந்து நிற்கும். அடியில் வெளுப்பு, நுனியில் சிவப்பு, நடுவில் பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம். இதை மற்றவர்களும் செய்கிறார்கள், ஆனால் அவர்கள் செய்தால் அது முட்டைக்கோஸ். படம் முக்கால் பங்கு முடிந்ததும் முன்னறைக்குப் போகும். அங்கே கேமராவுக்கு முன்னால் வாத்தியார் நாலு இலைக்கு நரம்பு இழுப்பார், ஒரு தேனீயை வைப்பார், தாடியைத் தடவுவார். பிறகு வலது ஓரத்தில் தம் பெயரை எழுதி, சிவப்பு முத்திரையைக் குத்துவார். வாங்கியவருக்குப் படத்தோடு ஒரு புகைப்படமும் போகும்: வாத்தியார் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அசல் என்பதற்கு அதுதான் சாட்சி!

அந்தக் கையெழுத்துக்காக ஐச்சின் ஒவ்வொரு தாளிலும் வலது ஓரத்தில் நாலு விரல் அகலம் வெறுமனே விடுவாள். ஆரம்பத்தில் விரலை வைத்து அளந்தாள். இரண்டாவது வருஷத்திலிருந்து அளக்கத் தேவைப்படவில்லை, கை தானே விட்டது.

ஒரே ஒரு தடவைதான் அவளாக ஏதோ செய்து பார்த்தாள். வீட்டு முற்றத்துச் செடியில் பூச்சி அரித்த இலை ஒன்று, ஓட்டை வழியாக வெயில் விழுந்து, பார்க்க அத்தனை அழகாக இருந்தது. அதை அப்படியே ஒரு படத்தில் வைத்தாள். வாத்தியார் பார்த்துவிட்டுக் குதி குதியென்று குதித்தார்.

"ஐச்சின், உனக்கு மூளை கீளை இருக்கா? செல்வம் வரணும்னு பியோனியை வாங்கிச் சுவத்துல மாட்டுறான். அவன் செல்வத்துல நீ பூச்சியை விடறியா?"

தாளைக் கசக்கி அடுப்பில் போட்டார். அவர் சொன்னதும் வாஸ்தவம்தானே என்று அவள் நினைத்தாள். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவி மகள்.

வினை மகள் வென்ஜிங் ரூபத்தில் வந்தது. அவள் ஜெங்ஜோ நகரத்துக் கல்லூரியில் படிக்கிறாள். விடுதித் தோழி ஒருத்தி, எங்கப்பா வாங்கின படம் என்று ஃபோனில் ஒன்றைக் காட்டியிருக்கிறாள். எங்கம்மா வரைஞ்சது என்று இவள் சொல்லியிருக்கிறாள். அறையே சிரித்திருக்கிறது. "அப்போ உங்கம்மா பேரு குவோ வாத்தியாரா? தாடி வச்சிருக்காங்களா?" என்று ஒருத்தி கேட்டாளாம். புது வருஷ விடுமுறைக்கு வந்தவள் பெட்டியைக் கூட இறக்கவில்லை.

"அம்மா, உன் பேருல கடை திறக்கறோம். ஃபோன்லயே. இன்னைக்கே."

"என் பேருல யாருடி வாங்குவா?"

"யாராச்சும் வாங்குவாங்க. கடல் மாதிரி சனம் இருக்கு அதுல."

ஐச்சின் சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தப் பேச்சு பல்லிடுக்கில் சிக்கிய நார் போல அவளை விடவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஆள், எங்கோ ஒரு ஊரில், ஐச்சின் என்ற பெயரைப் படித்துவிட்டு, அது அவள் வரைந்தது என்று தெரிந்தே ஒரு படத்தை வாங்க வேண்டும். காசு அப்புறம். அந்த ஆள் வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு ஆசை வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை.

புது வருஷத்து விருந்தில், கொழுக்கட்டைத் தட்டுக்கு முன்னால் பேச்சு வெடித்தது. வாத்தியார் காடியில் கொழுக்கட்டையைத் தோய்த்துக்கொண்டே சிரித்தார். ஐச்சினின் புருஷன் ஷிலியாங்தான் முகம் வெளுத்துப் போனான். அண்ணனின் படங்களை மூன்று சக்கர வண்டியில் கூரியர் கடைக்குக் கொண்டுபோவது அவன் வேலை. அண்ணனும் வேண்டும், பெண்டாட்டியும் வேண்டும், சண்டை மட்டும் வேண்டாம். அப்படிப்பட்ட மனுஷன்.

"போகட்டும்டா," என்றார் வாத்தியார். "கடைத்தெருவுக்குப் போனாத்தான் விலை தெரியும். ஆனா ஒரு கணக்கு வச்சுக்குவோம். வசந்தத்துல பியோனித் திருவிழா தொடங்கறதுக்குள்ள பத்துப் படம் அவ பேருல விக்கட்டும். வித்தா, அவ வழி அவளுக்கு. விக்கலைன்னா, மறுபடி பின்னறை. அப்புறம் செத்தாலும் இந்தப் பேச்சு எடுக்கக் கூடாது. சம்மதமா, ஐச்சின்?"

"சம்மதம், அண்ணே."

"சூடான கொழுக்கட்டைடி, மெதுவா முழுங்கு," என்று வாத்தியார் பெண்டாட்டியான ஓரகத்தி வேறு ஒரு போடு போட்டாள்.

வென்ஜிங் கல்லூரிக்குத் திரும்புவதற்குள் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில்தான் எடுக்கணும், விளக்கு போடாதே, சிவப்பு செத்துப்போகும். பக்கத்தில் உன் கையை வை, அளவு தெரியும். கிட்டப்போய் ஒரு இதழை மட்டும் எடு, மை ஊறினது தெரியணும். கேள்வி கேட்டா மூணு நிமிஷத்துல பதில் போடு, இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிடுவான். தினம் காலையில ரெண்டு மணி நேரம் நேரலை. துணி காயப்போடும் கம்பியில் ஃபோனைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே சமையல் மேசையில் தாளை விரித்தார்கள்.

முதல் படத்தை முடித்து ஐச்சின் தன் பெயரை எழுதினபோது மகள் குனிந்து பார்த்தாள்.

"என்னம்மா இது, ஓரத்துல எறும்பு மாதிரி? கொஞ்சம் பெருசாத்தான் எழுதேன்."

"பூவைப் பாப்பாங்களா, என் பேரைப் பாப்பாங்களா? அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

பன்னிரண்டு வருஷமாக விட்டுப் பழகிய அதே நாலு விரல் இடத்தில், சுவரோடு ஒட்டி நடக்கிறவள் போல, அவள் பெயர் நின்றது.

ஆறு வாரம் போனது. நேரலையில் ஐந்து பேர் இருப்பார்கள். ஒருத்தி வென்ஜிங், இன்னொருத்தி வேவு பார்க்கிற ஓரகத்தி. மீதி மூன்று பேர் வழி தவறி வந்தவர்கள்.

'சமையல் நிகழ்ச்சியா இது? பின்னாடி மாவு இருக்கே' என்று ஒருவன் எழுதினான்.

'வாத்தியார் யாரும் இல்லையா? பொம்பளைக் கை மாதிரி இருக்கு' என்றான் இன்னொருவன்.

ஒரு நாள் ஒரு பெண் வந்து, 'வெக்கமா இல்ல? குவோ வாத்தியார் பூவை அப்படியே காப்பி அடிக்கிறீங்களே, அவரு பாடுபட்டுக் கண்டுபிடிச்ச நிறம் அது' என்று எழுதிவிட்டுப் போனாள். ஐச்சின் தூரிகையைக் கீழே வைத்தாள். பதில் போட மூன்று நிமிஷம் இருந்தது. என்னவென்று போடுவது? அவள் பூவை அவளே திருடினாள் என்றா? மூன்று நிமிஷமும் போனது.

ஒரே ஒரு படம் விற்றது. அதுவும் நாலாம் நாள் திரும்பி வந்தது: 'ஓவியர் படத்தோடு நிற்கும் புகைப்படம் இல்லை.' அன்றைக்கு அவள் நல்ல சட்டை போட்டு, தலை வாரி, படத்தைப் பிடித்துக்கொண்டு, ஷிலியாங்கை ஃபோட்டோ எடுக்கச் சொன்னாள். ஃபோட்டோவில் ஏலத்தில் வாங்கின சாமானைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வேலைக்காரி போலத்தான் இருந்தாள். தாடி இல்லையே, என்ன செய்ய!

அந்த ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு ஷிலியாங் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். "விட்டுடேன், வென்ஜிங் அம்மா," என்றான். அவள் மாவு பிசையப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் அழுதாள், அவன் அதைப் பார்த்தான்.

அடுத்த வாரம்தான் 'தென்மலை விருந்தாளி' வந்தார். ஃபோனில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. முகவரி ஜெங்ஜோ. கேள்வி கேட்கவில்லை, பேரம் பேசவில்லை, ஒரு படம் வாங்கினார். நாலாம் நாள் ஃபோன் மணி அடித்தது. ஐச்சின் பயந்துகொண்டே திறந்தாள், திரும்பி வருகிறது என்று நினைத்து. ஐந்து நட்சத்திரம்! கீழே எழுதியிருந்தது: 'பூவுக்கு உயிர் இருக்கிறது. ஓவியர் ஐச்சின் அவர்களுக்கு என் வணக்கம். நிறுத்தாமல் வரையுங்கள்.'

ஓவியர் ஐச்சின் அவர்கள்! மாவுக் கையோடு அவள் அதை நாற்பது தடவை படித்திருப்பாள். ஃபோன் கண்ணாடி முழுக்க மாவு. ஷிலியாங்கை எழுப்பி வாசிக்கச் சொல்லி ஒரு தடவை கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தான்.

"யாராயிருக்கும், வென்ஜிங் அப்பா? படிச்ச மனுஷனா இருப்பாரு இல்ல?"

"இருக்கும்," என்றான் அவன்.

பிறகு விருந்தாளி இரண்டு வாங்கினார். பிறகு மறுபடி இரண்டு. ஐச்சினுக்கு இறக்கை முளைத்தது. லுவோயாங் பழைய தெருவுக்குப் போய், கல்லில் தன் பெயரைச் செதுக்கி ஒரு முத்திரை வாங்கி வந்தாள். அதைச் சிவப்புக் குழம்பில் ஒற்றித் தாளில் வைத்து அழுத்தும்போதெல்லாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். துணிச்சல் வந்ததும் ஆறாவது படத்தில் அந்தப் பூச்சி அரித்த இலையை வைத்தாள். அடுப்பில் போனதே, அதே இலை. ஓட்டை வழியாகப் பின்னாலிருக்கிற சிவப்பு மொட்டு தெரிகிற மாதிரி. வாங்குவாரோ மாட்டாரோ என்று நகத்தைக் கடித்தாள். விருந்தாளி அதையும் வாங்கினார். 'அபாரம்' என்று எழுதினார்.

அவள் நடை மாறியது. கிணற்றடியில் ஓரகத்தி, "என்னடி, பேர் பெத்த ஓவியரே, கால் தரையில படுதா?" என்று கேட்டபோது, "படுது அக்கா, ஆனா தரைதான் கொஞ்சம் கீழ போயிடுச்சு," என்று பதில் சொன்னாள். அப்படியெல்லாம் பேசத் தெரியும் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

திருவிழாவுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது ஒன்பது படம் விற்றிருந்தது, ஒன்பதும் விருந்தாளிக்கே. இன்னும் ஒன்றே ஒன்று.

அன்று காலை சந்தைக்குப் போனவள் மாட்டிறைச்சி சூப் கடையில் ஒதுங்கினாள். கடைக்காரன் ஃபோனைக் கல்லாவில் சாய்த்து வைத்திருந்தான். அதில் மச்சாண்டார் குரல்.

"வீட்டு மக்களே! இந்த இலையைக் கவனிங்க. பூச்சி அரிச்ச இலை! எந்த ஓவியனுக்காவது இந்தத் தைரியம் வருமா? முப்பது வருஷம் தூரிகை பிடிச்ச கைக்குத்தான் வரும். பூச்சிக்கும் ஒரு பங்கு கொடுக்கிறவன் வீட்டுலதான் செல்வம் தங்கும், தெரியுமா? பட்டனை அடிங்க, அடிங்க, விலை ஏறுது!"

ஐச்சின் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஓட்டை வழியாகச் சிவப்பு மொட்டு தெரிந்தது. படம் மட்டும் கொஞ்சம் ஒடுங்கிப்போய், பூ வலது பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அவள் பெயர் இருந்த நாலு விரல் அகலம் அந்தப் படத்தில் இல்லை. இடது பக்கம் இலைக்கும் காம்புக்கும் நடுவில், கொழுத்த எழுத்தில், வாத்தியாரின் பெயரும் முத்திரையும் இருந்தன.

"அக்கா, சூப் ஆறுது," என்றான் கடைக்காரன். "நல்லா இருக்கில்ல? அந்த இலையைப் பாருங்க. என்ன மனுஷன்யா!"

அவள் ஓவியக்கூடத்துக்கு நடந்து போனாளா ஓடிப் போனாளா என்று அவளுக்கு நினைவில்லை. நேரலை முடிந்திருந்தது. ஷிலியாங் வாசலில் பார்சல்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த பார்சலை இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை. வாத்தியார் முன்னறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில், நிறம் சரிபார்க்கிற இடத்தில், ஒரு இடுக்கியில் நீளநீளமான தாள் துண்டுகள் மாட்டியிருந்தன. நாலு விரல் அகலம். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பும் பச்சையுமாகத் தூரிகையைத் தேய்த்த கறை. கறைக்கு அடியில் எறும்பு மாதிரி அவள் பெயர், அவள் முத்திரை.

அவள் எண்ணவில்லை. ஒன்பது இருக்கும் என்று தெரியும்.

"நல்ல தாளு, வீணாக்குவானேன்," என்றார் வாத்தியார், அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து. கொஞ்சமும் கூசவில்லை மனுஷர். "உக்காரு. தேத்தண்ணி குடி."

"நான் வரைஞ்சு, என் பேரு போட்டு வித்தது, அண்ணே."

"வித்தே. நான் வாங்கினேன். என் மருமகன் ஜெங்ஜோவுல இருந்துகிட்டு உன் கடையில, நீ போட்ட விலைக்கு, ஒரு காசு குறைக்காம வாங்கினான். வாங்கினவன் வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டுவான், ஒட்டுவான், அடுப்புலகூடப் போடுவான். நீ போனதுலேர்ந்து பின்னறையில வரையறாளுங்களே, அதெல்லாம் பூவா? எனக்கும் பூ வேணுமே."

"அந்த இலையை நீங்க அடுப்புல போட்டீங்க."

"அப்போ அது உன் கை இலை. இப்போ என் பேரு இலை. வித்தியாசம் இருக்கு." அவர் தேநீரை உறிஞ்சினார். குரல் இளகியது, அதுதான் இன்னும் மோசம். "ஒண்ணு சொல்றேன் கேளு. இந்தத் தொழில்ல பேரை வைக்கத் தெரியணும். இலைக்கும் காம்புக்கும் நடுவுல எழுதினா எந்தக் கத்தியாலயும் எடுக்க முடியாது, எடுத்தா படமே போச்சு. சின்னப் பையனுக்குக்கூட இது தெரியும். நீ என்ன பண்ணினே? வாசல்ல குடையை வைக்கிற மாதிரி ஓரத்துல வச்சுட்டு உள்ள வந்தே. யாரு வேணும்னாலும் எடுப்பாங்க. நான் ஒரு அடிக்கோலை வச்சு ஒரு இழுப்பு. அவ்வளவுதான் வேலை."

ஐச்சின் அந்தத் துண்டுகளைத் திரும்பப் பார்த்தாள். அவர் அவளைத் திருடினது ஒரு பக்கம். திருடுவதற்குத் தோதாக, அளந்து, ஒழுங்காக, ஒன்பது தடவையும் அவளே எடுத்து வைத்துக் கொடுத்திருக்கிறாள். யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் வாசலுக்கு வந்தாள். ஷிலியாங் இன்னும் அந்தப் பார்சலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உனக்குத் தெரியும்."

அவன் பார்சலை வண்டியில் வைத்தான்.

"முகவரி ஒட்டினது நீ. வண்டியில ஏத்தினது நீ. உனக்குத் தெரியும், இல்ல?"

"நான்தான் அண்ணன்கிட்டக் கேட்டேன்," என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ அன்னைக்கு அழுதே. ஒரு படம் வாங்கிக்கோங்கண்ணேன்னு கேட்டேன். பேரை வெட்டுவாருன்னு எனக்கு முதல்ல தெரியாது. அப்புறம் தெரிஞ்சது. ஆனா அதுக்குள்ள நீ பாட ஆரம்பிச்சுட்டே. மாவு பிசையறப்போ பாடினே, வென்ஜிங் அம்மா. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்துல நான் கேட்டதில்ல."

"அந்த எழுத்து? ஓவியர் அவர்களுக்கு வணக்கம்னு?"

"அண்ணன் மருமகன்கிட்ட நல்லதா நாலு வார்த்தை எழுதச் சொன்னேன். என்ன எழுதறதுன்னு அவன் கேட்டான். நான் சொன்னேன்."

அவளுக்குக் கை ஓங்க வேண்டும் போலிருந்தது. முகத்தைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கடல் மாதிரி சனம் என்றாளே மகள்! அந்தக் கடலில் அவளுக்கு வாய்த்த ஒரே ஒரு அந்நியர், தினமும் அவள் சோற்றைத் தின்று, அவள் பக்கத்தில் குறட்டை விடுகிற ஆள்.

"இதுல யாருக்கு நஷ்டம்?" என்றான் ஷிலியாங், கெஞ்சுகிற குரலில். "உனக்குச் சந்தோஷம், அண்ணனுக்குப் பூ, வீட்டுல சண்டையில்ல."

"எனக்குத்தான்டா நஷ்டம்," என்றாள் அவள். புருஷனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் ஃபோன் மணி அடித்தது. தென்மலை விருந்தாளி. பத்தாவது படம், பெரிய தாளில், மஞ்சள் பியோனி. ஷிலியாங்தான் மறுபடி போய் அண்ணன் காலைப் பிடித்திருக்கிறான்: பந்தயமாவது நிறையட்டும், அதற்கப்புறம் அவள் பாடு. சரிடா, ஆனா பிடிக்கலைன்னா திருப்பி அனுப்புவேன், வாங்கினவன் ஏழு நாளுக்குள்ள திருப்பலாங்கிற சட்டம் எனக்கும் உண்டு என்றாராம் அவர்.

ஐச்சின் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஏழு நாள் தாண்டிவிட்டால் பத்து பத்துதான், கணக்கில் அதைக் கத்தியால் வெட்ட முடியாது. அப்புறம் பின்னறை இல்லை. அவருக்கும் பூ அவசரம், திருவிழாவுக்குப் பெரிய மஞ்சள் படம் ஒன்றை வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று ஊரே பேசியது. வைத்துக்கொண்டாலும் கொள்வார் என்று அவள் நினைத்தாள். நினைக்க ஆசைப்பட்டாள்.

நாலு நாள் வரைந்தாள். நேரலை போடவில்லை. கொழுகொழுவென்று ஒற்றை மஞ்சள் பூ, தாள் முழுக்க. அடியில் முட்டைக் கருவின் நிறம், விளிம்புக்குப் போகப் போகப் பால் நிறம். அவள் வாழ்க்கையில் வரைந்ததிலேயே அதுதான் நல்ல பூ, அதில் அவளுக்கே சந்தேகமில்லை. கடைசியில் மகரந்தம் வைக்க வேண்டிய நட்ட நடுவில், கறுப்பு மையைத் தோய்த்து, விரல் தடிமனில், ஐச்சின் என்று எழுதினாள். பக்கத்தில் முத்திரையை அழுத்தினாள். மூச்சைப் பிடிக்கவில்லை.

சுருட்டிக் குழாயில் போட்டு ஷிலியாங்கிடம் கொடுத்தாள். அவன் திறந்து பார்க்காமல் கொண்டுபோனான்.

ஒரு நாள் போனது, மூன்று நாள் போனது. ஐந்தாம் நாள் ஊரெல்லாம் சிவப்பு விளக்குத் தொங்கவிட ஆரம்பித்தார்கள். தோட்டங்களில் நிஜப் பூ மலர்ந்தது, பேருந்து பேருந்தாகச் சனம் வந்து இறங்கியது. விருந்தாளியிடமிருந்து மூச்சு இல்லை. அவள் மாவு பிசையும்போது காதை ஃபோன் பக்கமே வைத்திருந்தாள். இன்னும் இரண்டு நாள், இன்னும் ஒன்றரை நாள்.

ஆறாம் நாள் மத்தியானம் மூன்று சக்கர வண்டி வாசலில் நின்றது. ஷிலியாங் அதே குழாயைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அவள் கேட்கவில்லை. கேட்பானேன்? குழாயில் ஒட்டியிருந்த சீட்டை அவன் வாசித்தான். திருப்பி அனுப்புகிறவர்கள் காரணத்தை எழுத வேண்டியதில்லை, ஃபோனில் ஒரு பட்டியல் இருக்கும், அதில் ஒன்றைத் தொட்டால் போதும். உடைந்தது, கிழிந்தது, அளவு சரியில்லை என்று பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

"என்ன போட்டிருக்கு?"

"வேண்டாம் விடு."

"வாசி."

"'பொருளின் நடுவில் கறை உள்ளது,'" என்று வாசித்தான் ஷிலியாங்.

அவள் குழாயைத் திறந்து படத்தைச் சமையல் மேசையில் விரித்தாள். பூ அப்படியே இருந்தது. மை நன்றாக ஊறி, இழைக்குள் இறங்கி, தாளின் பின்பக்கம் வரை போயிருந்தது. அவள் கட்டை விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தாள்.

"கறைதான்," என்றாள். "போகாது. போய் உங்கண்ணன்கிட்டச் சொல்லு."

ஷிலியாங் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒன்பதுதான் ஆச்சு," என்றான் கடைசியில். "திங்கட்கிழமை வரச் சொன்னாரு. திருவிழா ஆர்டர் குவிஞ்சு கிடக்காம். நீ சம்மதம்னு எல்லாரு முன்னாடியும் சொன்னே."

"சொன்னேன். நான் சொன்ன சொல்லு, அதையாவது யாரும் வெட்டி எடுக்க வேண்டாம்."

படத்தை நாலு ஆணி அடித்து, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் மாட்டினாள். மகளிடம் ஃபோனில், கடையை மூடிடு என்று மட்டும் சொன்னாள். மகள் கத்தினாள், அழுதாள். அம்மா அழவில்லை.

திங்கட்கிழமை காலை பின்னறையில் அவள் இடம் அப்படியே இருந்தது, நாற்காலியில் யாரோ புது மெத்தை கூடப் போட்டிருந்தார்கள். வெள்ளைத் தாள் விரித்தாயிற்று. முன்னறையிலிருந்து, "வீட்டு மக்களே! திருவிழா வந்தாச்சு, வாங்க வாங்க!" என்று குரல் கேட்டது. இன்றைக்கு ஓரம் வரைக்கும் இலையாக நிரப்பிவிட வேண்டும், ஒரு எறும்பு நிற்கக்கூட இடம் விடக் கூடாது, எங்கே எழுதுவான் பார்ப்போம் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டு வந்திருந்தாள். தூரிகையை வெள்ளையில் முக்கி, நுனியைச் சிவப்பில் தொட்டு, முதல் இதழை அழுத்தினாள். பிறகு இரண்டாவது, மூன்றாவது. பூ முடிந்து இலையும் முடிந்து நிமிர்ந்து பார்த்தாள்.

வலது ஓரத்தில் நாலு விரல் அகலம் வெறுமனே கிடந்தது. கை அவளைக் கேட்கவே இல்லை.